பருவத்தோடு வரும் படகுகளும் பருவமறியாத ஆளணியும்

முல்லைத்தீவு நகரிலிருந்து தெற்கே கொக்கிளாய் நோக்கிச் செல்லும் கரையோர வீதியில் ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தூரம் சென்றால் நாயாறு வரும். ஒரு புறம் கடல், மறுபுறம் களப்பு, இரண்டும் சந்திக்கும் முகத்துவாரத்தின் மேலாக ஒரு பாலம். பங்குனி, சித்திரை மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியடையத் தொடங்கும்போது சிலாபம், நீர்கொழும்பு போன்ற மேற்குக் கரையோரப் பகுதிகளிலிருந்து மீனவர்கள் படகுகளோடும் வலைகளோடும் வந்து இக்கரையில் வாடி அமைத்துத் தங்குவர். புரட்டாதி கடந்து வடகீழ்ப் பருவக்காற்றின் அறிகுறி தென்பட்டதும் வந்த வழியே திரும்புவர். இது நேற்று இன்று தோன்றிய வழக்கமன்று. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு ஆகிய இடங்களின் தமிழ் மக்கள் தமது வாழிடங்களை விட்டு வெளியேற்றப்படுவதற்கு முன்னரும் இப்பருவகால இடப்பெயர்வு இருந்தது. போர் முடிந்து அம்மக்கள் படிப்படியாகத் திரும்பிய பின்னர் மீண்டும் தொடங்கியது.

கடலில் எவருக்கு எவ்வளவு உரிமை, எத்தனை படகுகளுக்கு அனுமதி என்பன பற்றிய பிணக்கு இங்கு இன்னமும் ஆறாத புண்ணாகவே உள்ளது. 2018 ஆகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவர்களின் வாடிகளும் படகுகளும் தீக்கிரையானதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வழக்கினை இக்கட்டுரை எடுத்துக்கொள்ளவில்லை. நாம் கவனிக்க விரும்புவது வேறொன்று. ஓரிடத்தின் சனத்தொகை ஆண்டின் பாதிக்காலம் பெருகி, மறுபாதியில் சுருங்குகின்றது. ஆனால் அப்பகுதி மக்கள் நோயுற்றால் நாடிச்செல்லும் வைத்தியசாலைகளின் தாதியர் தொகையோ, நிலையான சனத்தொகையையும் கட்டில் எண்ணிக்கையையும் வைத்துக் கொழும்பில் அங்கீகரிக்கப்பட்ட ஆளணியாகவே ஆண்டு முழுவதும் இருந்துவருகிறது. அந்த ஆளணியும் வன்னியின் வைத்தியசாலைகளில் முழுமையாக நிரம்பியிருப்பது அரிது.

இவ்விடத்தில்தான் உலகின் வேறு நாடுகளில் ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்ட 'பயணத் தாதியர்' முறை நமது சிந்தனைக்கு உரியதாகிறது.

அமெரிக்காவில் இம்முறை ஏறத்தாழ அரை நூற்றாண்டாக நிலவிவருகிறது. தாதியொருவர் எந்தவொரு வைத்தியசாலையினதும் நிரந்தர ஊழியராக இராமல், ஒரு முகவர் நிறுவனத்தின் ஊடாகக் குறித்த காலத்துக்கு ஒரு வைத்தியசாலையில் பணியாற்றுவார். வழமையான ஒப்பந்தக் காலம் 13 வாரங்கள். அது முடிந்ததும் அங்கேயே நீடிக்கலாம், அல்லது ஆயிரம் மைல் அப்பாலுள்ள இன்னொரு மாநிலத்துக்குப் பெட்டியைக் கட்டலாம். மணித்தியாலச் சம்பளத்தோடு தங்குமிடத்துக்கும் உணவுக்கும் தனியான படிகள் வழங்கப்படும். தாதியர் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டமை ஆரம்பத்தில் பெருந்தடையாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மாநிலங்களுக்கிடையிலான உரிம உடன்படிக்கை அத்தடையைப் பெருமளவு நீக்கிற்று. இன்று 40க்கும் மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப்பகுதிகளும் அதில் இணைந்துள்ளன. ஓர் உரிமம் பெற்றவர் அவை அனைத்திலும் பணியாற்றலாம்.

இம்முறை எதனால் வளர்ந்தது என்பதை நோக்கினால் நாயாற்றுக்கும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கும் எதிர்பாராத ஓர் ஒற்றுமை புலப்படும். வட மாநிலங்களின் கடுங்குளிருக்கு அஞ்சும் முதியவர்கள் கார்த்திகை தொடக்கம் பங்குனி, சித்திரை வரை புளோரிடா, அரிசோனா போன்ற வெப்பமான மாநிலங்களில் வந்து தங்குவது வழக்கம். பனிக்காலப் பறவைகள் என்று அவர்களை அங்கு அழைப்பர். அவர்கள் வரும்போது இருதய நோயும் நீரிழிவும் இடுப்பெலும்பு முறிவும் அவர்களுடன் கூடவே வருகின்றன. அந்த ஐந்தாறு மாதங்களுக்காக ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுத்து மேலதிகத் தாதியரை வைத்திருக்க வைத்தியசாலைகள் விரும்பவில்லை. அவர்களின்றிச் சமாளிக்கவும் முடியவில்லை. பருவத்துக்கு வரும் நோயாளிக்குப் பருவத்துக்கு வரும் தாதி என்பதே விடையாயிற்று.

ஆயினும் இம்முறையின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. பயணத் தாதி எப்போதும் புதியவர். சில மணித்தியால அறிமுகத்தோடு விடுதியில் இறக்கிவிடப்படுவார். வேறொரு விடுதியில் ஆள் குறைந்தால் முதலில் அங்கு மாற்றி அனுப்பப்படுபவரும் அவரே. வைத்தியசாலைக்கு அவர் தேவையற்றவராகிவிட்டால் ஒப்பந்தம் இடைநடுவில் முறிவதும் உண்டு. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று நியூயோர்க்கைத் தாக்கியபோது இத்தாதியரின் தேவை வானளவு உயர்ந்தது. சில ஒப்பந்தங்களின் சம்பளம் வாரத்துக்கு 5,000 டொலரையும் தாண்டிற்று. பக்கத்துக் கட்டிலில் அதே வேலையைச் செய்த நிரந்தரத் தாதி அதில் பாதியையோ அதனிலும் குறைவாகவோ பெற்றார். விளைவு எவரும் ஊகிக்கக்கூடியதே. நிரந்தரத் தாதியர் பலர் பதவி விலகித் தாமும் பயணத் தாதியராயினர். வெற்றிடம் மேலும் பெருகிற்று. முகவர் நிறுவனங்கள் நெருக்கடியைப் பயன்படுத்திக் கொள்ளையிலாபம் ஈட்டுகின்றனவா என விசாரிக்குமாறு ஏறக்குறைய 200 காங்கிரஸ் உறுப்பினர்கள் 2022 ஜனவரியில் வெள்ளை மாளிகைக்கு எழுதினர்.

இங்கிலாந்து இதே சிக்கலைச் சற்று முன்னரே எதிர்கொண்டது. முகவர் நிறுவனங்கள் வழங்கும் ஊழியருக்குக் கொடுக்கத்தக்க கட்டணத்துக்கு 2015 நவம்பரில் அங்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. கனடாவின் கியூபெக் மாகாணம் இன்னும் ஒருபடி மேலே சென்று, அரச சுகாதார சேவையில் முகவர் தாதியரைப் பயன்படுத்துவதைக் கட்டங்கட்டமாக நிறுத்தும் சட்டத்தை 2023 ஏப்ரலில் நிறைவேற்றிற்று. எனவே மேலைநாட்டு முறையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வன்னியில் நடவேண்டும் என்று எவரும் வாதிட முடியாது. முகவரும் இலாபமும் அதன் ஒரு பகுதி மட்டுமே. தேவை எழும் காலத்தை முன்கூட்டியே அறிந்து, குறித்த காலத்துக்கு, முறையான ஊதியத்துடனும் தங்குமிடத்துடனும் ஆளை அனுப்புவது என்ற மறுபகுதியை நாம் பிரித்தெடுத்துப் பார்க்கலாம்.

தற்காலிகத் தாதியரால் நோயாளிக்குத் தீங்கு நேருமா? பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் லிண்டா ஐக்கனும் அவருடன் இணைந்த ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, தற்காலிகத் தாதியர் அதிகமாக உள்ள வைத்தியசாலைகளில் காணப்படும் குறைகளுக்கு அத்தாதியரின் தகைமையைக் காரணமாகக் கொள்ள முடியாது என்றும், அவ்வைத்தியசாலைகளில் ஏற்கெனவே நிலவும் ஆள் பற்றாக்குறையும் மோசமான பணிச்சூழலுமே பெரிதும் காரணம் என்றும் காட்டிற்று. மறுபுறம், அவுஸ்திரேலியாவின் வடபிராந்தியத்தில் ஆதிக்குடி மக்கள் வாழும் தொலைதூரக் கிராமச் சிகிச்சை நிலையங்களில் தாதியர் மாறிச்செல்லும் வீதம் ஆண்டுக்கு 100ஐயும் தாண்டுவதாக ஆய்வாளர் கணித்தனர். ஓராண்டில் முழுக் குழுவுமே மாறிப்போவதற்கு அது ஒப்பாகும். நோயாளி ஒவ்வொரு முறையும் தன் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியிருப்பின் காலப்போக்கில் அவர் சொல்வதையே நிறுத்திவிடுவார். வன்னிக்கு முறை வகுக்கும்போது இந்த அனுபவத்தையே முதலில் மனதில் இருத்தவேண்டும் என்பது எமது கருத்து.

இனி ஓர் இரவை எண்ணிப் பார்ப்போம். கரையோர வாடியொன்றில் நிலத்தில் பாய் விரித்து உறங்கிய மீனவர் ஒருவரைப் பாம்பு தீண்டிவிடுகிறது. வன்னியின் உலர்ந்த நிலம் கண்ணாடி விரியனுக்கும் கட்டுவிரியனுக்கும் உறைவிடம். மணற்பாங்கான கரையோரத்தில் சுருட்டை விரியனும் உண்டு. இரவில் நிலத்தில் உறங்குவோரையே கட்டுவிரியன் பெரும்பாலும் தீண்டுகிறது. வலியோ வீக்கமோ பெரிதாக இராது. சில மணித்தியாலங்களில் கண்ணிமை தானாக விழத்தொடங்கும். அதன் பின்னர் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். கண்ணாடி விரியனின் நஞ்சோ குருதி உறைவதைக் குலைக்கும்.

இந்நிலையில் வைத்தியர் கட்டளையிடுவார்; கட்டிலருகே நின்று செய்பவர் தாதி. நோயாளியின் குருதியைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா எனப் பார்க்கவேண்டும். இந்தியாவிலிருந்து தருவிக்கப்படும் நஞ்சுமுறி மருந்து உலர்ந்த தூளாகச் சிறு குப்பிகளில் வருவது. ஒவ்வொரு குப்பியையும் 10 மில்லிலீற்றர் நீரில், நுரைக்காதபடி மெதுவாகக் கரைக்கவேண்டும். விரியன் கடிக்கு நமது நாட்டில் முதல் தடவையிலேயே 20 குப்பிகள் வரை ஏற்றப்படுவதுண்டு. ஒரேயொரு தாதி அத்தனையையும் கரைத்து முடிக்க எவ்வளவு நேரம் செல்லும் என்பதை எண்ணிப் பாருங்கள். அதே நேரத்தில் அதே விடுதியில் மூச்சிழுப்போடு ஒரு முதியவரும் காய்ச்சல் வலிப்போடு ஒரு குழந்தையும் இருக்கக்கூடும்.

அதோடு முடிந்துவிடவில்லை. நஞ்சுமுறி மருந்தே உயிராபத்தான ஒவ்வாமையை உண்டாக்க வல்லது. இலங்கை வைத்தியர்கள் மூன்று வைத்தியசாலைகளில் 1,007 நோயாளிகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுவது. மருந்து ஏற்றப்பட்டவர்களில் ஏறக்குறைய நால்வரில் மூவருக்கு ஏதோவொரு வகை ஒவ்வாமை தோன்றியதையும், முன்கூட்டியே சிறு அளவு அட்ரினலின் கொடுத்தால் கடுமையான ஒவ்வாமை முதல் ஒரு மணித்தியாலத்தில் 43 வீதத்தால் குறைவதையும் அது நிறுவிற்று. அந்த அட்ரினலின் ஊசி எந்த அலுமாரியின் எந்தத் தட்டில் இருக்கிறது, ஒட்சிசன் கொள்கலனின் திறப்பு யாரிடம் உள்ளது, நோயாளர் காவு வண்டிச் சாரதியை இரவில் எவ்வாறு அழைப்பது என்பவையெல்லாம் எந்தப் பாடநூலிலும் இல்லை. நேற்று மாலை பேருந்தில் வந்திறங்கிய தாதிக்கு இவை தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்தவர் ஒருவர் அவர் அருகில் இருக்கவேண்டும். அல்லது, அவர் சென்ற ஆண்டும் இதே வைத்தியசாலைக்கு வந்தவராக இருக்கவேண்டும்.

நம் நாட்டில் தற்காலிகப் பணி இல்லாமலில்லை. 'தற்காலிக இணைப்பு' என்ற பெயரில் அது நெடுங்காலமாகவே உள்ளது. தாதியரின் நியமனமும் வருடாந்த இடமாற்றமும் மத்திய சுகாதார அமைச்சின் பொறுப்பு. சிறிய வைத்தியசாலைகளோ மாகாண நிருவாகத்தின் கீழ் உள்ளவை. இவ்விரண்டுக்கும் இடையே ஓரிடத்தில் பிரசவ விடுதியை மூடவேண்டிய நிலை வந்துவிட்டால், அயல் வைத்தியசாலையிலிருந்து ஒருவரைச் சில வாரங்களுக்கு இணைத்துவிடுவதே வழக்கமான தீர்வு. ஒரு கிணற்றில் அள்ளி இன்னொரு கிணற்றில் ஊற்றுவது போன்றது இது. அனுப்பிய வைத்தியசாலையில் வெற்றிடம் விழுகிறது. அனுப்பப்பட்டவரோ எத்தனை வாரம் என்பதே தெரியாமல், தங்குமிடம் என்னவென்று அறியாமல் செல்கிறார். இதில் எதிர்த் திசையும் உண்டு. வன்னிக்கு நியமனம் பெற்ற ஒருவர், செல்வாக்கின் துணையோடு தமது ஊருக்கு அண்மையிலுள்ள நகர வைத்தியசாலைக்குத் தற்காலிக இணைப்புப் பெற்றுச் செல்வதும், ஏட்டில் மட்டும் வன்னியின் ஆளணி நிறைந்திருப்பதும் அரச சேவையை அறிந்தவர்களுக்குப் புதிய செய்தியன்று.

இத்தனைக்கும் நகர்ந்து நகர்ந்து பணியாற்றுவதில் வன்னித் தாதியருக்கு இருக்கும் அனுபவம் உலகில் வேறெந்தப் பயணத் தாதிக்கும் இருக்குமா என்பது ஐயமே. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்ட பின்னர், போர்முனை நகர நகர வைத்தியசாலைகளும் இடம்பெயர்ந்தன. கிளிநொச்சி வைத்தியசாலை தருமபுரம், விசுவமடு எனக் கிழக்கு நோக்கிப் போயிற்று. 2009 பெப்ரவரி முதல் வாரத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைத் தாக்குதல்களுக்கு இலக்காகிக் கைவிடப்பட்டது. அடுத்து புதுமாத்தளன் பாடசாலைக் கட்டடம், அதற்கும் அடுத்து முள்ளிவாய்க்கால். கட்டிலும் மருந்தும் குறைந்துகொண்டே போக, காயமுற்றோர் தொகை பெருகிக்கொண்டே வந்தது. பயிற்றப்பட்ட தாதியரோடு குறுகிய காலப் பயிற்சி மட்டுமே பெற்ற இளம் தொண்டர்களும் கட்டுப்போட்டனர். அவர்களுக்கு 13 வார ஒப்பந்தமும் இல்லை, படியும் இல்லை.

அப்போது கடல்வழியே ஒரு பாதை திறந்தது. 2009 பெப்ரவரி 10இலிருந்து மே 9 வரை சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் நோயாளரும் காயமுற்றோரும் அவர்களின் உறவினருமாக 13,000க்கும் அதிகமானோரைக் கப்பலில் ஏற்றிச் சென்றது. முதலில் திருகோணமலைக்கும் பின்னர் புல்மோட்டைக்கும் அக்கப்பல்கள் சென்றன. மாத்தளன் கரையிலிருந்து புல்மோட்டை செல்லும் எந்தக் கப்பலும் நாயாற்றுக் கடலைக் கடந்தே ஆகவேண்டும். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் புல்மோட்டையில், இந்தியாவிலிருந்து வந்த மருத்துவக் குழுவொன்று அவ்வாண்டு மார்ச்சில் கள வைத்தியசாலை அமைத்தது. அக்குழுவினர் சொற்ப காலப் பணிக்கென்றே வந்தவர்கள். பின்னர் செட்டிகுளத்துக்கு நகர்ந்தனர். மெனிக் பாம் முகாம்களில் இலட்சக்கணக்கானோர் அடைபட்டபோது தென்னிலங்கை வைத்தியசாலைகளிலிருந்தும் வைத்தியரும் தாதியரும் குறுகிய காலப் பணிக்கு வவுனியாப் பக்கம் அனுப்பப்பட்டனர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் 2009 மேயில் முகாமருகே கள வைத்தியசாலை அமைத்தது. ஆக, நெருக்கடி வந்தால் தாதியரைத் திரட்டி அனுப்ப நம்மால் முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. நெருக்கடி நாளிதழின் முதற் பக்கத்தை விட்டு அகன்ற பின்னர்தான் அந்த ஆற்றல் எங்கோ மறைந்துவிடுகிறது.

நகரும் சிகிச்சைக்கூடம் நமது மரபுகளுக்கு அந்நியமானதும் அன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவில் வாழ்ந்த றுபைதா அல் அஸ்லமிய்யா (ரழி) அவர்கள், கி.பி. 627இல் நிகழ்ந்த அகழ்ப்போரில் காயமுற்ற ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களைப் பள்ளிவாசல் வளாகத்தில் அமைந்த தமது கூடாரத்தில் வைத்துப் பராமரித்ததை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1854இல் கிரைமியப் போர்க்களத்துக்குப் புறப்படுவதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர் நடந்தது இது. பஹ்ரைனில் இயங்கும் அயர்லாந்து மருத்துவப் பல்கலைக்கழகம் தாதியியல் மாணவருக்கு றுபைதாவின் பெயரில் பரிசு வழங்கிவருகிறது. நம் முஸ்லிம் மாணவியரில் எத்தனை பேர் இப்பெயரைப் பாடசாலையில் கேட்டிருப்பார்கள்?

இக்கேள்வி காரணமின்றி எழவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற ஊர்களும் வெறுமையாயின. போருக்குப் பின்னர் திரும்பிய குடும்பங்களின் பெண்பிள்ளைகள் இன்று உயர்தரம் கற்கின்றனர். தாதியர் பயிற்சிக்கு அவர்களை அனுப்பப் பெற்றோர் தயங்குவதாயின், அத்தயக்கத்துக்குச் சமயத்தைக் காரணமாகக் காட்டுவது எளிது. உண்மையில் அவர்கள் கேட்பவை பெரும்பாலும் எல்லாப் பெற்றோரும் கேட்பவையே. எங்கு நியமிப்பார்கள், எங்கு தங்குவாள், இரவுக் கடமை முடிந்து எப்படித் திரும்புவாள், உடையில் கண்ணியம் பேண இடமிருக்குமா? தமிழ்ப் பெற்றோரும் வன்னியின் உட்பகுதி நியமனம் என்றதும் முதலிற் கேட்பது தங்குமிடத்தையே. பூட்டுள்ள கதவும் நீருள்ள கிணறும் கொண்ட தாதியர் விடுதி, பத்துச் சுற்றறிக்கைகளைவிட அதிகம் பேரை வன்னிக்குக் கொண்டுவரும்.

மொழிப் பிரச்சினையும் நாயாற்றில் இருபுறமும் வெட்டும் வாள். வடக்கு வைத்தியசாலைகளுக்கு முதல் நியமனம் பெற்று வரும் தாதியரில் சிங்கள மொழி பேசுவோரும் கணிசமாக உள்ளனர். அவர்கள் ஆங்கிலத்தில் பயின்றவர்கள். நோயாளியோ தமிழில் வலியைச் சொல்கிறார். அரச ஊழியர் சேவையில் சேர்ந்து ஐந்தாண்டுகளுக்குள் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சிபெற வேண்டும் என்ற விதி 2007 ஜூலை முதல் இருந்தும், பலர் அத்தேர்ச்சி முதிர்வதற்குள் இடமாற்றம் பெற்றுச் சென்றுவிடுகின்றனர். பருவகாலத்திலோ காட்சி தலைகீழாகிறது. சிங்களம் மட்டுமே அறிந்த மீனவர் தமிழ்த் தாதியின் முன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். 'எரிகிறது' என்பதும் 'குத்துகிறது' என்பதும் வைத்தியத்தில் வெவ்வேறு நோய்களுக்கு வழிகாட்டும் சொற்கள். எனவே பருவகாலத்துக்கென இக்கரைக்கு அனுப்பப்படும் தாதியர் இருமொழியும் அறிந்தோராய் இருத்தல் அவசியம். புல்மோட்டை, முசலி, வவுனியா போன்ற பகுதிகளில் இருமொழியும் பேசி வளர்ந்த முஸ்லிம், தமிழ் இளையோர் இதற்கு இயல்பாகவே பொருத்தமானவர்கள்.

'தற்காலிகம்' என்ற சொல்லின் ஆபத்தைத் தமிழ்நாட்டில் காணலாம். அங்கு 2015 முதல் அரச மருத்துவமனைகளுக்குத் தொகுப்பூதிய அடிப்படையில் ஆயிரக்கணக்கான செவிலியர் தேர்வு செய்யப்பட்டனர். தொடக்கத்தில் அவர்களுக்கு மாதம் கிடைத்தது 7,700 ரூபா. இரண்டாண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கையோடு சேர்ந்தவர்கள் பல ஆண்டுகள் வீதியில் இறங்கிப் போராட நேர்ந்தது. கொரோனாக் காலத்தில் அவசரமாகச் சேர்க்கப்பட்டவர்களின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடிவுறுத்தப்பட்டது. இடத்தால் தற்காலிகமாக இருப்பது ஒன்று. தொழிலால் தற்காலிகமாக இருப்பது முற்றிலும் வேறொன்று. நாம் வேண்டுவது முன்னையது மட்டுமே. சேவையில் நிரந்தரமும் ஓய்வூதிய உரிமையும் கொண்ட தாதியே பருவத்துக்கு இடம் மாறிப் பணியாற்றவேண்டும்.

இவ்விடயம் ஏன் இப்போது அவசரமானது? உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் 2023ஆம் ஆண்டு 2 கோடி 98 இலட்சம் தாதியர் இருந்தனர். பற்றாக்குறை 58 இலட்சம். அப்பற்றாக்குறையைச் செல்வந்த நாடுகள் வறிய நாடுகளிலிருந்து நிரப்புகின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று பணியாற்ற நமது அரசாங்கமே வழிவகுத்தது. அந்நியச் செலாவணி தேவைப்பட்ட நேரத்தில் அதனை முற்றாகக் குறைகூற முடியாது. ஆனால் செல்பவர் நீங்கிய கட்டிலருகே யார் நிற்பார் என்பதற்கு அச்சுற்றறிக்கையில் விடை இல்லை. கொழும்பில் பத்துப் பேர் போனால் ஒரு விடுதிக்குச் சிரமம். வன்னியின் சிறு வைத்தியசாலையொன்றில் இருவர் போனால் இரவுக் கடமையே நின்றுவிடும்.

செய்யக்கூடியது பெரிய காரியமன்று. வடமாகாணத்துக்கென ஒரு சிறிய தாதியர் தொகுதி, எந்தவொரு வைத்தியசாலையின் ஆளணியிலிருந்தும் கழிக்கப்படாமல், மேலதிக ஆளணியாக அங்கீகரிக்கப்படவேண்டும். பங்குனி முதல் புரட்டாதி வரை முல்லைத்தீவின் கரையோர வைத்தியசாலைகளுக்கும் மாஞ்சோலையிலுள்ள மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும், மாரியில் வெள்ளத்தால் துண்டிக்கப்படும் உட்பகுதிகளுக்குமாக அவர்களை மும்மாத முறையில் அனுப்பலாம். சென்ற ஆண்டு சென்ற இடத்துக்கே இவ்வாண்டும் அனுப்புவதே இதில் முதன்மையானது. மீனவர் ஆண்டுதோறும் தமது பழைய வாடிக்கே திரும்புவது போலத் தாதியும் திரும்பினால், அவுஸ்திரேலியாவில் நேர்ந்தது இங்கு நேராது. அலுமாரியின் தட்டும் ஊர்மக்களின் முகமும் அவருக்குத் தெரிந்திருக்கும். கடமை தொடங்குமுன் இரண்டு நாட்கள் உள்ளூர்த் தாதியோடு கூடவே நின்று பழக இடமளிக்கவேண்டும். தங்குமிடமும் படியும் புறப்படுமுன்னரே எழுத்தில் இருக்கவேண்டும்.

இதற்கு முன்மாதிரியும் நம்மிடமே உண்டு. மலேரியா எதிர்ப்பு இயக்கம் வன்னியில் நடமாடும் சிகிச்சைக் குழுக்களை அனுப்பி, காய்ச்சல் எங்கு தோன்றுகிறதோ அங்கேயே சென்று குருதியைப் பரிசோதித்தது. 2012 ஒக்டோபருக்குப் பின்னர் 2016 வரை நாட்டினுள் தொற்றிய மலேரியா நோயாளி எவரும் பதிவாகவில்லை. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது. நோயாளி வரும்வரை காத்திராமல், பருவத்தையும் இடத்தையும் கணித்து ஆளை முன்னே அனுப்பியதன் பங்கு அவ்வெற்றியில் சிறியதன்று.

தாதியரின் வருடாந்த இடமாற்றப் பட்டியல் வழமையாக ஆண்டிறுதியை ஒட்டியே தயாராகிறது. நாயாற்றுக் கரையில் முதல் வாடிக்குக் கம்பு நடப்படுவதற்கு அதன் பின்னர் ஏறக்குறைய மூன்று மாதங்களே இருக்கும். மாகாண சுகாதாரத் திணைக்களம் பருவகாலத் தேவையைக் கணக்கிட்டு அமைச்சுக்கு எழுதுவதாயின், அக்கடிதம் அப்பட்டியலுக்கு முன்னரே கொழும்பைச் சென்றடையவேண்டும்.